எண்ணுக்குள் இருப்பவர் யார்?

அவைத் தலைவர் அவர்களே, சங்கத்தின் செயலாளர் அவர்களே, சனிக்கிழமை மாலையில் வீட்டு வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு இம்மண்டபத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, கைப்பேசியை அணைத்துவிட்டதாகப் பாவனை செய்துகொண்டு கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்களே! 

இந்த மேடையில் கம்பனும் இளங்கோவும் பேசப்படுவது வழக்கம். இன்றைய பேச்சு கடனைப் பற்றியது என்று கேள்விப்பட்டவர்கள், கடன்பட்டார் நெஞ்சம்போல் இலங்கை வேந்தன் கலங்கிய கதையைத்தான் இக்கிழவன் சொல்லப்போகிறான் என்று எதிர்பார்த்து வந்திருக்கவும் கூடும். அவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாற்பது வருஷம் பிறர் கணக்குகளைத் தணிக்கை செய்தே வயிறு வளர்த்தவன் நான். நான் பேசப்போவது, இந்த அமெரிக்க நாட்டில் சமுதாயக் கல்லூரி என்று வழங்கும் கம்யூனிட்டி காலேஜில், வணிகத்திலும் கணக்குப் பதிவிலும் சான்றிதழ் பெறுவோரின் பிற்கால வருமானத்தையும், அதற்காக அவர்கள் வாங்கும் கடனையும் எப்படி நிறுத்துப் பார்ப்பது என்பதைப் பற்றி.

இந்த விஷயம் எனக்கு வந்து சேர்ந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதக் கூட்டம் முடிந்து, காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். ஊரில் பி.காம். படித்தவர், மணமாகி இங்கே வந்து ஆறு வருஷமாயிற்று, ஒரு குழந்தைக்குத் தாய், வேலை செய்வதற்கான அனுமதிச் சீட்டு அண்மையில்தான் கைக்குக் கிடைத்திருக்கிறது. தம் கைப்பேசியில் ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டி, “மாமா, இந்தப் படிப்பு முடித்தவர்களுக்கு வருமானம் இவ்வளவு, கடன் இவ்வளவு என்று போட்டிருக்கிறதே, இதை நம்பிச் சேரலாமா?” என்று கேட்டார். நான் பார்த்தேன். இரண்டு எண்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஐந்தொகையின் இரு பக்கங்களைப்போல அடக்கமாக நின்றன. நம்பலாம் என்றும் சொல்ல வாய் வரவில்லை. நம்பவேண்டாம் என்றும் சொல்ல வாய் வரவில்லை. “அடுத்த மாதம் மேடையிலேயே பதில் சொல்கிறேன், அம்மா” என்றேன். அந்தப் பதில்தான் இந்தச் சொற்பொழிவு.

முதலில் சமுதாயக் கல்லூரி என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். இல்லினாய் மாநிலத்து ஜோலியட் என்னும் ஊரில், 1901-ஆம் ஆண்டில், சிகாகோ சர்வகலாசாலையின் தலைவராயிருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், அவ்வூர் உயர்நிலைப் பள்ளிக்குப் பொறுப்பாயிருந்த ஸ்டான்லி பிரவுனும் கூடி, ஆறே மாணாக்கரைக் கொண்டு தொடங்கிய கல்லூரிதான் இந்நாட்டில் இன்றுவரை இடையறாது நடந்துவரும் அரசுச் சமுதாயக் கல்லூரிகளுள் மூத்தது. ஆறு பேர்! நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில்கூட அதைவிட அதிகம் பேர் இருந்திருப்பார்கள். பின்னர் 1947-இல், ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த கமிஷன், பொருள் வசதியற்றவனுக்கும் வீட்டருகிலேயே உயர்கல்வி கிடைக்கவேண்டும் என்று சொல்லி, இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் நிறுவும்படி பரிந்துரைத்தது. நாம் வசிக்கும் இந்தக் கலிபோர்னியாவில் 1984-ஆம் ஆண்டு வரையில் இக்கல்லூரிகளில் படிப்புக் கட்டணமே வாங்கியதில்லை என்பதை இங்குள்ள இளைஞர்கள் நம்பமாட்டார்கள். இன்றும் மாநிலவாசிக்கு, யூனிட் எனப்படும் ஓர் அலகுக்கு 46 டாலர்தான்.

இத்தகைய கல்லூரியின் மாலை வகுப்பை நீங்கள் நேரில் காணவேண்டும். பகலெல்லாம் எங்கெங்கோ உழைத்தவர்கள், மாலை ஆறரை மணிக்கு, கடைச் சீருடையைக்கூட மாற்றாமல், கையில் ஒரு ரொட்டித் துண்டுடன் வந்து அமர்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பையனின் பக்கத்தில் ஐம்பது வயதுப் பாட்டி. வகுப்பில் கேட்பது ஒருவருக்கு முதல் பாடம். மற்றவருக்கு அதுவே மறந்துபோன பாடம். ஒருமுறை நண்பர் ஒருவருக்குப் பதிலாக நான் அங்கே பாடம் நடத்தப் போனேன். பேரேட்டில் பற்று எந்தப் பக்கம் என்று கேட்டால், அறுபது கண்களும் என்னையே பார்த்தன. அந்தக் கண்களில் இருந்த களைப்பையும் ஆசையையும் நான் மறக்கவில்லை.

சான்றிதழ் என்பது பட்டமன்று. பட்டத்துக்கு முந்திய ஒரு படி. சில சான்றிதழ்கள் ஓராண்டுக்கும் குறைவானவை. சில ஓராண்டைக் கடந்தவை. பதினெட்டு அலகு கொண்ட ஒரு கணக்குப் பதிவுச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டை 46-ஆல் பெருக்கினால் 828 டாலர். புத்தகம், பேருந்து, சில்லறைக் கட்டணம் எல்லாம் சேர்த்தாலும், நம்மில் சிலர் குழந்தையின் பிறந்தநாள் விழாவுக்குச் செலவிடும் தொகையைவிடக் குறைவு. (கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அத்தகைய விழாக்களில் வயிறாரச் சாப்பிட்டவன்தான்.) நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டால், 2023-24 கல்வியாண்டில் இக்கல்லூரிகளின் சராசரிக் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ நாலாயிரம் டாலர். அதே ஆண்டில் ஏழை மாணாக்கருக்கு மத்திய அரசு அளித்த பெல் உதவித்தொகையின் உச்சவரம்பு 7,395 டாலர்.

அப்படியானால் கடன் எங்கிருந்து வருகிறது? கட்டணத்தைவிட உதவித்தொகை மிகுதியாயிருக்கையில் கடன் வாங்குவானேன்? கேட்கவேண்டிய கேள்வி இது! வீட்டு வாடகை கட்டணத்தில் சேராது. வேலையைக் குறைத்துக்கொண்டு படிக்க வந்தால், குறைந்துபோன கூலியை எந்தக் கட்டணப் பட்டியலும் காட்டாது. கல்விக் கடன் என்று பெயர் பெற்றிருப்பது, பல குடும்பங்களில், உண்மையில் அரிசிக் கடன், வாடகைக் கடன்.

இனி, சகோதரி காட்டிய அந்தப் பக்கத்துக்கு வருவோம். காலேஜ் ஸ்கோர்கார்டு என்னும் பெயரால், 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஒபாமா ஆட்சிக்காலத்தில் அரசு புதுப்பித்து வெளியிட்ட தகவல் திரட்டு அது. முதலில் கல்லூரி கல்லூரியாக எண்களைக் காட்டியது. 2019 முதல் படிப்பு படிப்பாகவும் காட்டுகிறது. நல்ல காரியம், மிக நல்ல காரியம். சேரவரும் ஏழைக்கு இத்தனை விவரங்களைத் திறந்து காட்டும் அரசைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால், தணிக்கைக்காரனுக்கு ஒரு துர்க்குணம் உண்டு. எண்ணைக் கண்டால், அது சரியா தவறா என்று கேட்பதற்கு முன்னால், எண்ணுக்குள் இருப்பவர் யார் என்று கேட்பான்.

அந்த மாலை வகுப்பில் ஒரே பெஞ்சில் ஐவர் அமர்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முதலாமவன் பத்தொன்பது வயது இளைஞன். பெல் உதவித்தொகை பெறுகிறான். காலணா கடன் வாங்கவில்லை. படிப்பை முடிக்கிறான். அவன் வருமான எண்ணுக்குள் இருக்கிறான். ஏனெனில், அந்த எண் மத்திய அரசின் உதவி பெற்று முடித்தவர்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கடன் எண்ணுக்குள் அவன் இல்லை. ஏனெனில், அது கடன் வாங்கி முடித்தவர்களை மாத்திரமே கொண்டது.

இரண்டாமவர் நாற்பது வயதைக் கடந்தவர். பெரிய அங்காடி ஒன்றில் பதினைந்து வருஷம் மேற்பார்வையாளராக இருந்தவர். கடன் வாங்கிப் படித்து முடிக்கிறார். அவர் இரண்டு எண்ணிலும் இருக்கிறார். ஆனால், அவருடைய சம்பளத்தில் சான்றிதழ் ஈட்டியது எவ்வளவு, பதினைந்து வருஷ அனுபவம் ஈட்டியது எவ்வளவு? யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

மூன்றாமவர் ஏற்கெனவே பட்டதாரி. சி.பி.ஏ. என்னும் கணக்காயர் உரிமத்துக்கு 150 அலகுகள் வேண்டும் என்று நெடுங்காலமாக வழங்கிவந்த விதிக்காக, குறைந்த செலவில் அலகு சேர்க்க வந்தவர். கைப்பணம் கொடுத்துப் படிக்கிறார். நாளை அவர் நல்ல சம்பளம் வாங்குவார்; எனினும் இரண்டு எண்ணிலும் அவர் இல்லை.

நான்காமவர் நம் சகோதரி. கணவரைச் சார்ந்த விசாவில் வந்தவருக்கு மத்திய அரசின் உதவித்தொகையும் இல்லை, கடனும் இல்லை. ஆகவே அவரும் இரண்டு எண்ணிலும் இல்லை. எந்தப் பக்கத்தைப் பார்த்து “நம்பலாமா?” என்று கேட்டாரோ, அந்தப் பக்கத்தில் அவரைப் போன்றவர்களுக்கு இடமே கிடையாது!

ஐந்தாமவன் யார்? அவனைப் பற்றிச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

நண்பர்களே, முருகேசனின் வரவையும் மாணிக்கத்தின் பற்றையும் எடுத்து ஒரே பேரேட்டுப் பக்கத்தில் எழுதி, இருப்பு இவ்வளவு என்று எவனாவது கொண்டுவந்தால், நான் அவன் கணக்கில் கையெழுத்திடுவேனா? மாட்டேன். ஆனால், அந்தப் பக்கத்தைப் பார்க்கும் ஒவ்வொருவரும் மனத்துக்குள் அதைத்தான் செய்கிறோம். வருமானத்திலிருந்து கடனைக் கழிக்கிறோம்; ஒரு கூட்டத்தின் வரவிலிருந்து இன்னொரு கூட்டத்தின் பற்றைக் கழிக்கிறோம். இன்னும் ஒன்று: கணக்குப் பதிவு, சம்பளப் பட்டியல், வரிக்கணக்கு என்று கல்லூரி தனித்தனியாகக் கற்பிக்கும் படிப்புகள் பல ஒரே தலைப்பின்கீழ் சேர்ந்துவிடுகின்றன. சிறிய வகுப்பாயிருந்தால், தனிமனிதரின் அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு எண்ணே வெளியிடப்படுவதில்லை. வேலையின்றி இருப்பவர்களும், மேற்படிப்பில் சேர்ந்துவிட்டவர்களும் வருமான எண்ணில் சேர்க்கப்படுவதில்லை.

அப்படியானால் சான்றிதழின் உண்மையான பயனை அறிய வழியே இல்லையா? இருக்கிறது. ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிடாமல், படிப்பதற்கு முன்பிருந்த அவரையே படித்த பின்பிருக்கும் அவரோடு ஒப்பிட வேண்டும். கென்டக்கி மாநிலத்துச் சமுதாயக் கல்லூரி மாணாக்கரின் சம்பள ஏடுகளைக் கொண்டு ஜெப்சன், டிரோஸ்கே, கூம்ஸ் என்னும் மூன்று பொருளியலாளர் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இம்முறையைத்தான் கைக்கொண்டது. இரண்டாண்டுப் பட்டத்தாலும் நீண்ட டிப்ளமாவாலும், மூன்று மாதத்துக்கு, பெண்களுக்கு ஏறத்தாழ 2,400 டாலரும் ஆண்களுக்கு 1,500 டாலரும் கூடுதலாகக் கிடைத்தன என்றும், சான்றிதழால் கிடைத்த கூடுதலோ அதைவிட மிகச் சிறியது என்றும் அவர்கள் கண்டார்கள். வாஷிங்டன் மாநிலத்து ஏடுகளை ஆராய்ந்த டட்கர், டிரிம்பிள் என்னும் இருவரும், ஓராண்டுக்குட்பட்ட குறுகிய சான்றிதழ்களால் ஊதியத்தில் குறிப்பிடத்தக்க உயர்வு பொதுவாக இல்லை என்றே சொன்னார்கள்.

இதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். கென்டக்கியில் பெண்களின் விஷயத்தில் மற்றொன்றும் தெரியவந்தது: சான்றிதழ் பெற்ற பெண்கள் வேலையில் இருப்பது அதிகமாயிற்று. சம்பளம் உயராவிட்டாலும் வேலை என்ற ஒன்று உண்டாயிற்று. ஆறு வருஷமாகச் சம்பாத்தியமே இல்லாமல் வீட்டிலிருக்கும் பட்டதாரிக்கு, அது சின்ன விஷயமா?

சந்தையின் நிலையையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, 2023-இல் கணக்குப் பதிவு எழுத்தர்களின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 47,440 டாலர். அதே வருஷம் உயர்நிலைப் பள்ளியோடு நின்றுவிட்ட முழுநேரத் தொழிலாளரின் இடைநிலைக் கூலி வாரத்துக்கு 899 டாலர்; ஆண்டுக்குச் சுமார் 46,750. இரண்டுக்கும் வித்தியாசம் எழுநூறு டாலர்கூட இல்லையே என்பீர்கள். உண்மை. ஆனால், இங்கேயும் என் பழைய கேள்வியைக் கேட்கிறேன்: எண்ணுக்குள் இருப்பவர் யார்? அந்த 899-க்குள் லாரி ஓட்டுகிறவர் இருக்கிறார். கட்டடத்தில் இரும்பு கட்டுகிறவர் இருக்கிறார். முப்பது வருஷ அனுபவம் உள்ளவர் இருக்கிறார். கடையில் பில் போடும் இளம்பெண்ணுக்கு அந்தக் கூலி அளவுகோலாகுமா? ஆகாது. எனினும், கணினி மென்பொருள் கணக்கெழுதுகிறவரின் வேலையை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு வருவதால், இவ்வுத்தியோகங்கள் வரும் ஆண்டுகளில் குறையும் என்றே அத்துறை முன்கூட்டிச் சொல்கிறது.

அரசாங்கம் இவற்றை அறியாமல் இல்லை. 2023-இல் வெளியாகி 2024 ஜூலை முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்த ஒரு விதி, சான்றிதழ்ப் படிப்புகளை இரண்டு தராசில் நிறுத்தது. முதல் தராசு கடன்: படித்தவரின் ஆண்டுத் தவணை, ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு எட்டுக்கு மிகாமலோ, அத்தியாவசியச் செலவு போக எஞ்சியதில் நூற்றுக்கு இருபதுக்கு மிகாமலோ இருக்கவேண்டும். இரண்டாவது தராசு ஊதியம்: படித்தவரின் இடைநிலை வருமானம், அம்மாநிலத்தில் பள்ளிப் படிப்போடு நின்ற இளைஞரின் வருமானத்தை விஞ்ச வேண்டும்.

முதல் தராசில் நம் கல்லூரியை ஏற்றிப் பார்ப்போம். பெற்றோரைச் சார்ந்த மாணாக்கன் முதலாண்டில் வாங்கக்கூடிய மத்தியக் கடனின் எல்லை 5,500 டாலர். 2024-25-இல் வட்டி நூற்றுக்கு 6.53. பத்தாண்டுத் தவணையில் மாதத்துக்கு ஏறக்குறைய 62 டாலர் 50 சென்ட், வருஷத்துக்கு 750. வருமானத்தில் நூற்றுக்கு எட்டு என்றால், அவன் ஆண்டுக்கு 9,400 டாலர் சம்பாதித்தாலே போதும், படிப்பு தேறிவிட்டது! மணிக்கு 7.25 டாலர் என்னும் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலிக்கு வருஷமெல்லாம் உழைத்தால்கூட 15,080 டாலர் வருகிறதே! ஆகவே கடன் தராசு, லாபத்துக்காக நடக்கும் விலையுயர்ந்த பள்ளிகளைப் பிடிக்கும். சமுதாயக் கல்லூரியைப் பெரும்பாலும் தொடாது. இங்கே பிடிக்கும் தராசு இரண்டாவதுதான்.

கடன் சிறியது, அதனால் ஆபத்தும் சிறியது என்று நினைத்து எழுந்துபோய்விடாதீர்கள்! இப்போதுதான் ஐந்தாமவனிடம் வருகிறோம்.

ஐந்தாமவன் கடன் வாங்கினான். இரண்டு மாதம் வகுப்புக்கு வந்தான். பிறகு அவனுடைய முதலாளி வேலை நேரத்தை மாற்றிவிட்டார். அல்லது அவன் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அல்லது பழைய கார் நடுவழியில் நின்றது. வருவதை நிறுத்திவிட்டான். சான்றிதழ் இல்லை; சம்பள உயர்வு இல்லை; ஆனால் கடன் இருக்கிறது. முடித்தவர்களைத்தான் எண் அறியும். ஆகவே இரண்டு எண்ணிலும் அவன் இல்லை. அந்தப் பெஞ்சில் எல்லாரிலும் மிகுந்த இன்னலுக்கு ஆளானவன் எவனோ, அவனையே அந்தப் பக்கம் காட்டவில்லை.

சிறு கடன்காரன்தான் அதிகமாகத் தவணை தவறுகிறான் என்னும் விசித்திரத்தை சூசன் டைனார்ஸ்கி போன்ற பொருளியலாளர் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஐயாயிரம் டாலருக்கும் குறைவாகக் கடன்பட்டவர் தவறுகிறார்; அதைவிடப் பன்மடங்கு கடன்பட்ட மருத்துவர் ஒழுங்காகக் கட்டிவிடுகிறார். காரணம் எளிது. கடன் சிறியதாயிருப்பது படிப்பு சீக்கிரம் நின்றுபோனதற்கு அடையாளம். 270 நாள் தவணை தவறினால், கடன் தவறியவன் என்று முத்திரை விழும். பிறகு நீதிமன்றம் ஏறாமலே சம்பளத்தில் நூற்றுக்குப் பதினைந்து வரை பிடித்துக்கொள்ளவும், திரும்பி வரவேண்டிய வரிப்பணத்தை நிறுத்திக்கொள்ளவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. கொள்ளை நோய்க் காலத்தில் நின்றிருந்த கட்டாய வசூல், 2025 மே மாதத்தில் மறுபடியும் தொடங்கியது.

ஆகவே, இந்தப் படிப்பில் கடன் எவ்வளவு என்று கேட்பதைவிட, சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேளுங்கள். முடிக்காதவர்கள் ஏன் முடிக்கவில்லை என்று கேளுங்கள். சான்றிதழுக்காகப் பெற்ற அலகுகள் நாளை இரண்டாண்டுப் பட்டத்தில் சேருமா, அல்லது அந்தரத்தில் நின்றுவிடுமா என்று கேளுங்கள். ஏனெனில் தனியே நிற்கும் குறுஞ்சான்றிதழைவிடப் பட்டத்தின் படிக்கட்டாகும் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம். சென்ற வருஷம் முடித்தவர்களை இந்த ஊரில் எந்தக் கடைக்காரர், எந்த வரிக்கணக்கு அலுவலகம் வேலைக்கு எடுத்தது என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். தயங்காமல் பெயர் சொல்லிப் பதிலளிப்பவரா, விளம்பரத் தாளை எடுத்து நீட்டுபவரா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். இது என் சொந்த அபிப்பிராயம், புள்ளிவிவரம் அன்று.

நம் சகோதரிக்குச் சொல்லவேண்டிய பதில் பாக்கியிருக்கிறது. அம்மா, அந்தப் பக்கத்திலுள்ள கடன் உங்களுடையதன்று, வருமானமும் உங்களுடையதன்று. உங்கள் கணக்கை நீங்களேதான் எழுதவேண்டும். பற்றுப் பக்கத்தில் 828 டாலரும் புத்தகச் செலவும். வரவுப் பக்கத்தில், ஊரில் கற்ற இரட்டைப் பதிவு முறை. அது இந்த ஊரிலும் மாறவில்லை. இங்கத்திய வரிச் சட்டமும் இங்கத்திய மென்பொருளும் நீங்கள் புதிதாகக் கற்கவேண்டியவை. முதல் வேலையில் பெரிய சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். முடிப்பீர்களா என்பதுதான் உங்கள் விஷயத்திலும் கேள்வி. வாரத்தில் இரண்டு மாலை குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்பதுதான் அந்தக் கேள்வியின் உண்மையான உருவம்.

இதையெல்லாம் மேடையேறுவதற்கு முன்பே நான் அவரிடம் சொல்லிவிட்டேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அவர் முதல் பாடத்துக்குப் பெயர் பதிந்துகொண்டுவிட்டார். செவ்வாயும் வியாழனும், மாலை ஆறரை முதல் ஒன்பது வரை. அந்த இரண்டு மாலையும் குழந்தை எங்கள் வீட்டில் இருக்கும். என் மனைவி ஒப்புக்கொண்டிருக்கிறாள். நான் ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டிருக்கிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.